நெல்லைப் படித்த ராமையா



திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் நாள்தோறும் பசித்தவர்களுக்குச் சோறு போடுவார்கள். பௌர்ணமி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வழியெங்கும் அன்னதானம்தான். அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சோறாகும் அரிசி வந்த சாக்குகளை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பொன்னி என்றோ, பி.பி.டி. என்றோ எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். உங்கள் வீட்டு அரிசிப் பானையிலும் இவற்றில் ஒன்று இருக்கக்கூடும்.

இந்த இரண்டு அரிசிகளின் பின்னாலும் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் பெயர் கே. ராமையா. நெல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகில் எங்கே இருந்தாலும் அவர் பெயரை அறிவார்கள். ஆனால், அவர் வளர்த்த நெல்லைச் சாப்பிடுகிற நமக்குத்தான் அவரைத் தெரியாது. இந்த வாரம் அவரைத் தெரிந்துகொள்வோமா?

நெல்லுக்கு ஒரு பள்ளிக்கூடம்

ராமையா 1892-ஆம் ஆண்டு பிறந்தார். அப்போது நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நம் பகுதிக்குச் சென்னை மாகாணம் என்று பெயர்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு நெல் இருந்தது. ஒன்று வெள்ளத்தில் நிற்கும், இன்னொன்று வறட்சியைத் தாங்கும். ஒன்று சிவப்பரிசி, மற்றொன்று சீரகம் போலச் சன்னமான அரிசி. இப்படி ஆயிரக்கணக்கான நெல் வகைகளை நம் முன்னோர் காத்து வந்தார்கள். ஆனால், ஏன் ஒரு நெல் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் விளைகிறது என்பதற்கு யாரும் அறிவியல் முறையில் விடை தேடியதில்லை.

அந்த விடையைத் தேடுவதற்காகவும், நல்ல நெல்லைத் தேர்ந்தெடுத்து உழவர்களுக்குக் கொடுப்பதற்காகவும் 1912-இல் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பார்னெல் என்ற ஆங்கிலேயர் அதன் பொறுப்பில் இருந்தார். அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார் இளைஞர் ராமையா.

பட்டாணிச் செடிகளை வைத்து ஆராய்ந்த மெண்டல் என்ற பாதிரியாரைப் பற்றி உங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள், அல்லது இனிமேல் படிப்பீர்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் குணங்கள் ஒரு கணக்குப்படி வந்து சேர்கின்றன என்று கண்டறிந்தவர் அவர். அந்தக் கணக்கு நெல்லுக்கும் பொருந்துமா என்று கோயமுத்தூரில் பார்த்தார்கள்.

சும்மா பார்த்துவிட முடியுமா? நெல் பூ எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் 6 மகரந்தப் பைகள் இருக்கும். நெல் தன் மகரந்தத்தைக் கொண்டு தானே காய்த்துவிடும். இரண்டு நெல்லைக் கலக்க வேண்டுமானால், ஒரு நெல்லின் பூ விரியும் முன்பே உமியை லேசாக வெட்டி, இடுக்கியால் அந்த 6 பைகளையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை வீண். பிறகு வேறொரு நெல்லின் மகரந்தத்தைத் தூவி, கதிரைத் தாள் உறையால் மூடி வைக்க வேண்டும். இத்தனையும் செய்தால் கிடைப்பது சில மணிகள். அவற்றை விதைத்து, அடுத்த பருவத்தில் கணக்கெடுத்து, மறுபடி விதைத்து, மறுபடி கணக்கெடுக்க வேண்டும். இப்படி உழைத்து 1917-இல் பார்னெலும் அவருடைய உதவியாளர்களும் நெல்லின் குணங்கள் வழிவழியாக வருவதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் 25 வயது ராமையாவின் பெயரும் இருந்தது.

வயலில் ஒரு கலவன்

உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கலவன் என்றால் என்னவென்று தெரியும். ஒரே ரக நெல் நட்ட வயலில், நிறத்திலோ உயரத்திலோ மாறுபட்டு நிற்கும் செடிதான் கலவன். விதைக்காக வளர்க்கும் வயலில் கலவனைக் கண்டால் பிடுங்கி வரப்பில் போடுவார்கள். விதை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

கோயமுத்தூர் நிலையத்தில் கோணமணி என்ற நெல் வளர்ந்தது. அதில் மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஒரு செடி தோன்றியது. யாரும் கலப்புச் செய்து உருவானதல்ல, தானாகவே மாறியிருந்தது. அறிவியலில் இதைச் சடுதி மாற்றம் என்கிறோம். அந்தச் செடியை அவர்கள் பிடுங்கி எறியவில்லை. அதன் விதையைத் தனியே எடுத்து, தனியே விதைத்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அரிசி சன்னமாக இருந்தது. சோறு ருசியாக இருந்தது.

1921-இல் அந்த நெல் உழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு ஜி.இ.பி. 24 என்று பெயர். அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்துகள்தான் ஜி.இ.பி. மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றும் அழைத்தார்கள். திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் ரமணாசிரமம் உருவாகத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம்தான், 1922-ஆம் ஆண்டு.

ஒரு செடி எப்படித் திடீரென்று மாறுகிறது? இந்தக் கேள்வி ராமையாவை விடவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தவர்

நெல்லின் ஒவ்வொரு செல்லிலும் 24 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாய்வழியில் 12, தந்தைவழியில் 12. குரோமோசோம் என்பது செடி எப்படி வளர வேண்டும் என்ற குறிப்புகள் அடங்கிய நூல் சுருள் போன்றது. அதிலுள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு.

1930-களில் ராமையாவும் அவருடன் பணியாற்றியவர்களும் விசித்திரமான நெற்செடிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு செடியில் 12 குரோமோசோம்கள் மட்டுமே இருந்தன. வேறொன்றில் 36 இருந்தன. அவற்றையும் அவர்கள் ஒதுக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்து, அளந்து, எழுதி வைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. தானாக மாற்றம் வரும்வரை காத்திருப்பானேன், நாமே உண்டாக்கிப் பார்க்கலாமே என்று நினைத்தார்கள். மருத்துவமனையில் எலும்பைப் படம் பிடிக்கிறார்களே, அந்த எக்ஸ்-கதிரை நெல்லின் மீது பாய்ச்சினார்கள். அதன் சந்ததியில் புதுப்புது மாற்றங்கள் தோன்றின. உலகிலேயே நெல்லில் இப்படிச் செய்து பார்த்த முன்னோடிகளில் ராமையாவும் ஒருவர்.

இவ்வளவு படித்தவர் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்துவிட்டாரா? இல்லை. 1937-இல் சென்னை மாகாண நெல்லைப் பற்றி எளிய கையேடு ஒன்றை எழுதினார். குலை நோய் என்று ஒரு பொல்லாத நோய் இருக்கிறது. கதிர் வரும் நேரத்தில் கழுத்தைப் பிடித்ததுபோலத் தாக்கி, மணிகளைப் பதராக்கிவிடும். கோ 4 என்ற நெல் அந்த நோயைத் தாங்கியது. ஆடுதுறை 10 என்ற நெல்லால் தாங்க முடியவில்லை. இரண்டையும் கலந்து கோயமுத்தூரில் கோ 25 என்ற நோய் தாங்கும் நெல்லை உருவாக்கினார்கள். நெல்லைக் கலப்பது விளையாட்டல்ல, ஓர் உழவர் குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாடு அதில் இருக்கிறது என்பதை ராமையா உணர்ந்திருந்தார்.

வங்காளம் பட்டினி கிடந்தது

இடையில் சில காலம் ராமையா இந்தூரில் பருத்தி ஆராய்ச்சி செய்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942-இல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. புயல், பயிர் நோய், விலையேற்றம், ஆட்சியாளரின் அலட்சியம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1943-இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்தது. சுமார் 30 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று வரலாற்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். குழந்தைகளே, அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் ஏராளம்.

நெல்லுக்கென்றே நாடு முழுமைக்கும் பொதுவான ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்பதை அந்தப் பஞ்சம் உணர்த்தியது. 1946-இல் ஒடிசாவில் உள்ள கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ராமையா. அப்போது அவருக்கு வயது 54. பின்னாளில் அது தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் பெற்றது.

நம் நாட்டு நெல்லும் ஜப்பான் நெல்லும்

நம் நாட்டு நெல் உயரமாக வளரும். உரம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பான் நெல் குட்டையானது. உரத்தை ஏற்று நிறைய விளையும், சாயாது. ஆனால், அதன் சோறு குழைந்து ஒட்டும். அது நம் வெயிலுக்குப் பழக்கப்பட்டதும் அல்ல. இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே செடியில் சேர்க்க முடியுமா?

ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை அமைப்பு 1950-களின் தொடக்கத்தில் இதற்காக ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. அதற்கு இடம் கொடுத்தது கட்டாக் நிலையம். ஆசிய நாடுகள் பலவும் தங்கள் நெல்லை அங்கே அனுப்பின. அவற்றை ஜப்பான் நெல்லோடு கலந்து, விதைகளை அந்தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ராமையா பிறகு அந்த அமைப்பின் நெல் வல்லுநராக ஆசிய நாடுகளுக்கு வழிகாட்டினார்.

நடந்தது என்ன தெரியுமா? பெரும்பாலும் தோல்விதான்! இரண்டும் தூரத்துச் சொந்தம் என்பதால், கலந்து பிறந்த செடிகளில் பல மணி பிடிக்கவில்லை. கதிர் நிறையப் பதர். நூற்றுக்கணக்கான கலப்புகளில் உழவர் கைக்குப் போய்ச் சேர்ந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில ரகங்களே.

ஆனால், அந்தச் சில ரகங்கள் என்னவென்று பாருங்கள். ஒன்று ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10 என்ற நெல்லுக்கும் நம் ஜி.இ.பி. 24-க்கும் பிறந்தது. 1960-களில் தஞ்சை வயல்களை நிறைத்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். இன்னொன்று மலேசியாவில் 1965-இல் வெளிவந்த மசூரி. அது நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த மசூரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நெல்தான் தமிழ்நாட்டில் 1986-இல் வெளியிடப்பட்ட வெள்ளைப் பொன்னி!

பி.பி.டி. அரிசி? ஜி.இ.பி. 24-ஐத் தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றோடு சேர்த்து, அதை மறுபடியும் மசூரியோடு கலந்து, ஆந்திராவின் பாபட்லாவில் உருவாக்கினார்கள். அதுவே பி.பி.டி. 5204 என்கிற சம்பா மசூரி. அதுவும் 1986-இல்தான் வந்தது. கோணமணி வயலில் பிடுங்கப்படாமல் தப்பித்த அந்த ஒற்றைச் செடியின் கொள்ளுப்பேரப் பிள்ளைதான் இன்று அண்டாவில் வேகிறது.

ராமையாவுக்கு 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1970-இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. 1968-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகவும் ஆனார். பொன்னியும் பி.பி.டி.யும் வெளிவந்தபோது அவருக்கு 94 வயது. 1988-இல், 96-ஆம் வயதில் மறைந்தார்.

தாவும் மரபணு

கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. செடி எப்படித் திடீரென்று மாறுகிறது?

ராமையா கட்டாக்கில் இருந்த காலத்தில், அமெரிக்காவில் பார்பரா மெக்லின்டாக் என்ற பெண் விஞ்ஞானி மக்காச்சோளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில சோள மணிகளில் மை தெளித்ததுபோலப் புள்ளிகள் இருந்தன. குரோமோசோமின் சில துண்டுகள் ஓரிடத்திலிருந்து கிளம்பி, வேறு இடத்தில் போய் உட்காருவதால்தான் அந்தப் புள்ளிகள் வருகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். நிறத்துக்கான மரபணு மீது அந்தத் துண்டு உட்கார்ந்தால் நிறம் மறையும். எழுந்து போனால் நிறம் திரும்பும். அன்று பலர் அதை நம்பவில்லை. 1983-இல், அவருடைய 81-ஆம் வயதில், நோபல் பரிசு தேடி வந்தது. இந்தத் துண்டுகளைத் தாவும் மரபணுக்கள் என்கிறோம். விஞ்ஞானிகள் டிரான்ஸ்போசான் என்பார்கள்.

நெல்லில்? ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் விஞ்ஞானிகள் 2003-இல் நெல்லுக்குள் உண்மையிலேயே தாவிக்கொண்டிருக்கும் ஒரு துண்டைக் கண்டார்கள். அதற்கு எம்பிங் என்று பெயர். அதன் நீளம் 430 மரபு எழுத்துகள்தான். காமா கதிர் பாய்ச்சிய ஜப்பான் நெல் ஒன்றில் உமி மெலிந்து போயிருந்தது. காரணம் தேடியபோது, உமியின் வடிவத்துக்கான மரபணுவுக்குள் எம்பிங் போய் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து வெளியேறிய செடிகளில் உமி பழையபடி ஆனது! கதிர் பாய்ச்சி நெல்லை மாற்றிப் பார்த்தாரே ராமையா, அவர் விட்ட கேள்வியின் ஒரு நுனி இங்கே பிடிபட்டது.

தம்பி வெளியே போக அண்ணன் கையைப் பிடிப்பான் அல்லவா? எம்பிங்கும் அப்படித்தான். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் கத்தரிக்கோல் அதனிடம் இல்லை. பிங் போன்ற பெரிய துண்டுகள்தான் அந்தக் கத்தரியைச் செய்கின்றன. அந்தக் கத்தரி கிடைக்காத செடியில் எம்பிங் தானாகத் தாவ முடியாது.

இன்னொரு காவலும் உண்டு. தாவும் துண்டுகள் இஷ்டத்துக்குத் துள்ளினால் செடி என்ன ஆகும்? முக்கியமான மரபணுக்கள் கெட்டுப்போகும். அதனால் செடியே அவற்றின் மீது சிறு வேதிப் பூட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறது. பூட்டை எங்கே போடுவது என்று காட்ட, ஆர்.என்.ஏ. என்ற குட்டித் தூதர்களும் இருக்கிறார்கள். 2005-இல் நெல்லின் மரபு எழுத்துகள் முழுவதையும் படித்து முடித்தார்கள். சுமார் 39 கோடி எழுத்துகள். அந்தப் பணியில் நம் இந்தியாவும் பங்கேற்றது. அதில் குறைந்தது 35 சதவீதம் தாவும் வகைத் துண்டுகள்! அவற்றில் மிகப் பெரும்பாலானவை பூட்டுக்குள் தூங்குகின்றன.

ஆனால், எல்லாத் தாவலும் கெடுதல் இல்லை. ஒரு ஜப்பான் நெல்லில், ஒவ்வொரு தலைமுறையிலும் செடிக்குச் சுமார் 40 புதிய இடங்களில் எம்பிங் போய் உட்காருவதை 2009-இல் கண்டார்கள். பல இடங்களில் செடிக்கு எந்தத் தீங்கும் இல்லை. சில இடங்களில், குளிரோ உப்போ தாக்கும்போது அருகிலிருந்த மரபணு விழித்து வேலை செய்தது. கடல் நீர் புகும் நிலத்திலும் விளையும் நெல்லைத் தேடும் இன்றைய காலத்தில், இது எவ்வளவு பெரிய செய்தி!

உடனே ஜி.இ.பி. 24-ம் இப்படித்தான் தோன்றியது என்று எழுதிவிடாதீர்கள். செடி மாறுவதற்கு வழிகள் பல. மரபு எழுத்துகளைப் படியெடுக்கும்போது நேரும் பிழை ஒரு வழி. கதிர் வீச்சு ஒரு வழி. தாவும் மரபணு இன்னொரு வழி. ராமையா காலத்தில் இவற்றைப் பிரித்தறியும் கருவிகள் கிடையாது. அவரிடம் இருந்தவை ஓர் இடுக்கி, ஒரு நுண்ணோக்கி, ஒரு குறிப்பேடு. அத்துடன், மாறி நிற்பதைப் பிடுங்கி எறியாத பொறுமை.

நீங்களும் செய்து பாருங்கள்

தெரிந்த உழவரிடம் ஒரு கைப்பிடி விதைநெல் கேட்டு வாங்குங்கள். ஓட்டை போட்ட பழைய வாளியில் வயல் மண் நிரப்பி, 20 மணிகளை ஊன்றுங்கள். மண் காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு செடியின் உயரத்தையும், இலையின் நிறத்தையும், தூர்களின் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா? ஏதாவது ஒன்று மாறி நிற்கிறதா? மாறி நின்றால் அதற்கு வெயில் குறைவா, இடநெருக்கடியா, அல்லது விதையிலேயே வேறுபாடா என்று யோசியுங்கள். மாறி நின்ற செடியின் விதையைத் தனியே எடுத்து அடுத்த முறை விதைத்துப் பாருங்கள். மாற்றம் விதையில் இருந்தால், அது பிள்ளைகளிலும் வரும். ராமையா செய்ததும் இதையேதான், 70 ஆண்டுகளுக்கு மேல் முன்பு, பல்லாயிரம் செடிகளில்!

அடுத்த முறை சாப்பிட உட்காரும்போது, இலையில் ஒரு பருக்கையைக்கூட வீணாக்காதீர்கள். அது நம் வயிற்றுக்கு வந்து சேர எத்தனை பேர் எத்தனை பதர்களைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.